நாலு இட்லியின் எடை

“நாலே நாலு இட்லிதான் மேடம் சாப்பிடுறேன். அதுக்கே இப்படி ஏறுது” என்று பரிசோதனைச் சீட்டை மேஜைமேல் வைத்தார் டீச்சர். வயது நாற்பத்தைந்து இருக்கும். காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 238. பாளையங்கோட்டையில் வீடு, நாங்குநேரிப் பக்கம் பள்ளி. காலை 7.40 பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அன்று வெறும் வயிற்றில் மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்திருந்ததால், கொடுத்த பிறகு சாப்பிட டிபன் பாக்ஸும் கையில் இருந்தது.

“ஒரு இட்லியை எடுங்க டீச்சர், நிறுத்துப் பார்த்திடலாம்” என்றேன். உணவு ஆலோசகர் என்பதால் என் அறையில் சின்ன எடை மெஷின் ஒன்று எப்போதும் இருக்கும். வைத்தோம். 66 கிராம். நாங்கள் கணக்குப் போடும் இட்லி 40 கிராம்தான். அதில் மாவுச்சத்து சுமார் 10 கிராம், புரதம் 2 கிராமுக்குள். டீச்சர் வீட்டு இட்லித் தட்டு மாமியார் காலத்தது, குழி பெரிசு. அவருடைய நாலு இட்லி என் கணக்கில் ஆறரை இட்லி. மாவுச்சத்து 65 கிராம் வந்துவிட்டது, புரதம் 12-ஐ எட்டினால் பெரிது. தேங்காய்ச் சட்னியைப் புரதக் கணக்கில் சேர்க்கவே முடியாது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். நம் வீட்டு டிபன் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இட்லியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு போட்டு அரைக்கிறோம். அந்தக் கணக்குக்குப் புரதம் அவ்வளவுதான் வரும். அதையே நாலைந்து வைத்து, மேலே சர்க்கரை போட்ட காபியும் குடித்தால் பதினொரு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். டீச்சருக்கும் அந்த நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் ஒரு வடையோ நாலு பிஸ்கட்டோ உண்டு. அதை யாரும் ‘சாப்பாடு’ என்று சொல்வதில்லை, அதனால் என் குறிப்பேட்டிலும் வருவதில்லை. மூன்றாவது முறை கேட்டால்தான் வெளியே வரும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் கொடுத்த அளவு. 60 கிலோ எடைக்கு 50 கிராம். நாட்டின் உணவுப் பழக்கத்தைப் பற்றி ஐசிஎம்ஆரின் ‘இந்தியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு சொல்வதோ வேறு: நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. காலை உணவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. புரதம் 20 கிராமுக்குக் குறையக் கூடாது, மாவுச்சத்து 30-ஐ அதிகம் தாண்டக் கூடாது. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுசாக ஒதுக்கும் கீட்டோ உணவுமுறை கிடையாது. தட்டில் இருப்பதைக் கொஞ்சம் இடம் மாற்றுவது, அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த புதிதில் நானும் அழகாக அச்சடித்த சார்ட் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவகாடோ, சியா விதை, சீஸ் ஆம்லெட். ஒரு அம்மா ஆறு மாதம் கழித்து அதே தாளை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, “இதுல இருக்கிறது எதுவும் எங்க தெரு கடையில இல்லம்மா” என்றார். அன்றோடு அந்தச் சார்ட்டை நிறுத்திவிட்டேன்.

காலையில் நேரமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் காலை உணவு தோற்பது காலையில் இல்லை, முந்தின ராத்திரி. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவும்போதே ஒரு கிண்ணம் பாசிப்பயறை ஊறப்போடுவதற்கு அரை நிமிடம். போடவில்லை என்றால் மறுநாள் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவுதான் கதி.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. டீச்சரிடம் நான் இட்லியை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டை மாற்ற வேண்டாம், இரண்டு இட்லி போதும், கூட மூன்று முட்டையில் பொடிமாஸ் என்றேன். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கைப்பிடி முருங்கைக்கீரை, மிளகு. ஐந்து நிமிடம். இட்லிப் பொடிக்குப் பதில் அதைத் தொட்டுக்கொள்ளலாம். புரதம் 24 கிராம் வந்துவிடும். பிடிக்கவில்லையா, தோசைக்கல்லில் ஒரே ஒரு தோசையை ஊற்றி, மேலே இரண்டு முட்டையை உடைத்துப் பரப்பி மூடி வையுங்கள், ஒரு டம்ளர் சர்க்கரை இல்லாத பாலையும் குடித்துவிடுங்கள். மஞ்சள் கருவை எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். முட்டையின் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு அதில்தான் இருக்கிறது. கெட்ட கொழுப்பு அதிகம் என்று ரிப்போர்ட் சொன்னால் மட்டும் எத்தனை மஞ்சள் கரு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முழுப் பாசிப்பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் மாவு தயார். புளிக்க வைக்க வேண்டாம், அரிசியும் வேண்டாம். ஆந்திராவில் பெசரட்டு என்பது இதுதான். அங்கே உள்ளே உப்புமாவை வைத்துக் கொடுப்பார்கள்; அந்த வேலை நமக்கு வேண்டாம். 60 கிராம் பயறில் இரண்டு தோசை வரும், புரதம் 14 கிராம். மாவுச்சத்தும் 30 கிராமை ஒட்டி இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நார்ச்சத்து நிறைய என்பதால் அரிசித் தோசை மாதிரி சட்டென்று ஏற்றாது. உள்ளே 50 கிராம் பனீரை உதிர்த்து வைத்தால் இன்னும் 9 கிராம் புரதம். அடை சுடுகிற வீடுகளில் அரிசியைக் குறைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு பருப்பு போட்டாலே பெரிய வித்தியாசம். அடை கொஞ்சம் உடையும், பரவாயில்லை.

மலிவு விலையில் புரதம் என்று கேட்டால் நான் மீல் மேக்கரைத்தான், அதாவது சோயா உருண்டையைத்தான் காட்டுவேன். காய்ந்த நிலையில் 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, 15 கிராம் புரதம் தரும். வெந்நீரில் போட்டு, நன்றாகப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் கொத்துக்கறி மாதிரி ஆகிவிடும். பிழிவதில்தான் விஷயமே இருக்கிறது. தண்ணீர் நின்றால் அந்த வாடை போகாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சோயா அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரை போட்டு அரைமணி நேரத்தில் மீல் மேக்கர் தட்டோடு உட்காராமல், அதை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து வரும் ஒருவர் தினமும் காலையில் முந்தின நாள் மீன் குழம்பு சாப்பிடுவதை ஏதோ குற்றம்போல ஒப்புக்கொண்டார். இரண்டு துண்டு மீன், ஒரு தோசை. இதைவிட நல்ல காலை உணவு என்னிடம் இல்லை என்றேன். குழம்பை ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் கொதிக்கச் சூடாக்கினால் போதும்.

கஞ்சிக்கு வருவோம். ‘சிறுதானியம்தான் சாப்பிடுறேன், அப்புறம் ஏன் சர்க்கரை குறையலை’ என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். மாவுச்சத்தில் அரிசிக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான். புரதமும் நூறு கிராமுக்கு 7 கிராம்தான். அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, மூன்று டம்ளர் குடித்து, கருப்பட்டியும் போட்டால் சர்க்கரை எப்படிக் குறையும்? ஓட்ஸும் இதே கதை. சத்துமாவுப் பாக்கெட்டைத் திருப்பி, பொருள் பட்டியலில் முதல் மூன்று பெயர்களைப் பாருங்கள். மூன்றும் தானியமாக இருந்தால் அது புரத உணவு கிடையாது.

சில பேர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆரம்பிக்கக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பஸ்ஸிலேயே வியர்த்து மயங்கலாம். முதலில் மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் இருந்துகொண்டு மாவுச்சத்தை அறவே விடுவது அதைவிட ஆபத்து; ரத்தத்தில் அமிலம் கூடி மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகும், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது, அதனால் சந்தேகமும் வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்துக்கே அளவு உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று தெரியாமல் நான் யாருக்கும் மூன்று முட்டை எழுதுவதில்லை.

டீச்சருக்கு மேலே சொன்ன மருந்துகள் எதுவும் இல்லை, மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்தான், கிரியாட்டினினும் சரியாக இருந்தது, அதனால் தயங்காமல் மாற்றினோம். மூன்று மாதத்தில் அதே இரண்டு மணி நேரச் சர்க்கரை 172. இன்னும் குறைய மத்தியானச் சோற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பதினொரு மணி வடை நின்றுவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, பசிக்கவில்லை என்கிறார்.

போன வாரம் போனில் கூப்பிட்டு, “புரட்டாசி வருதே மேடம், ஒரு மாசம் முட்டை கிடையாதே, என்ன செய்ய?” என்றார். வீட்டில் பாசிப்பயறு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மீல் மேக்கர் வாங்கிப் பழக்கமில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை செய்து பாருங்கள், பிழிவதை மட்டும் மறக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.