பஸ்ஸுக்குள் சாம்பிராணி வாசம்

ஆடி மாதத்து மத்தியானம். பரந்தனில் ஏறி முல்லைத்தீவுப் பக்கம் போகிற பஸ்ஸில், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமிக்குப் பக்கத்தில் இருந்தேன். வற்றாப்பளை அம்மனிடம் போகிறோம் என்று பட்டுச் சேலை, தலைக்குப் பூ, கழுத்திலும் மணிக்கட்டிலும் நாலு தரம் சென்ற். தருமபுரம் தாண்டவில்லை, முன் சீற்றிலிருந்த ஆச்சி ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, ஆரோ சாம்பிராணி போட்டிருக்கினமோ? மூச்சு முட்டுது."

மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "தை மாதத்தில அங்க இதைப் போட்டா, என்ன சென்ற் எண்டு எல்லாரும் கேப்பினம். இஞ்ச ஜன்னலைத் திறக்கினம்" என்று என் காதுக்குள் முணுமுணுத்தார். இரசாயனவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு மாமியைவிட ஆச்சியின் மூக்கில்தான் மரியாதை வந்தது. அவர் சொன்னது அப்படியே சரி.

போத்தலில் அம்பர் என்று எழுதியிருந்தது. குளிருக்கு இதமானது, பெண்களுக்கானது என்று விற்கப்படும் மணம். இந்தப் பெயரால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல. நகைக்கடையில் மஞ்சளாய் இருக்கும் அம்பர், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து கல்லான மரப்பிசின். கையில் வைத்து முகர்ந்தால் மணமே இல்லை. கடலோடிகள் சொல்லும் அம்பர் வேறு. அது ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மெழுகுக் கட்டி. திருகோணமலைக்கு அப்பாலான கடலில் அந்தத் திமிங்கிலங்கள் உண்டு. அந்தக் கட்டியிலுள்ள அம்பிரெயின் என்ற பொருளுக்கும் மணமில்லை. வெயிலும் உப்புநீரும் காற்றும் பட்டு அது உடைந்த பிறகுதான் அம்பிரொக்சைட் போன்ற மணமுள்ள மூலக்கூறுகள் பிறக்கின்றன. இன்று அதை ஒரு செடியின் சாற்றிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்துவிடுகிறார்கள்.

சென்ற்காரர் சொல்லும் அம்பர் இந்த இரண்டுமே இல்லை. அது ஒரு கூட்டு, நம் கறித்தூள் மாதிரி. அடிப்படைச் சரக்கு மூன்று: லப்டனம் என்ற பிசின், வனிலா, சாம்பிராணி.

ஆம், அதே சாம்பிராணிதான். ஸ்டைரக்ஸ் என்ற இன மரங்களைக் கீறினால் வடிந்து இறுகும் பிசின் அது. சுமாத்திராவிலிருந்தும், லாவோஸ், தாய்லாந்துப் பக்கமிருந்தும் வருகிறது. அரபு வணிகர் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குந்துருக்கம் என்றார்கள்; அதுவே ஐரோப்பியர் வாயில் பென்சொயின் ஆயிற்று. மாரி காலத்தில் தலைக்கு முழுகினால் அம்மா சிரட்டைத் தணலில் இதைத் தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, தங்கச்சியின் கூந்தலை அதில் விரித்துவிடுவார். ஈரம் போகும், மணம் ஏறும். மாமியின் சென்ற் செய்வதும் அதே வேலைதான். தணலுக்குப் பதில் தோல், அவ்வளவே.

தாய்லாந்துச் சாம்பிராணியில் பெரும்பங்கு கோனிஃபெரைல் பென்சொயேற் என்ற பொருள். கூடவே, வனிலாவுக்கு மணம் தரும் வனிலின் கொஞ்சம். ஜேர்மனியில் தீமன், ஹார்மன் என்ற இரசாயனவியலாளர் இருவரும் 1874இல் முதன்முதலாக வனிலினைச் செயற்கையாகச் செய்தபோது, எடுத்துக்கொண்ட மூலப்பொருள் ஊசியிலை மரச் சாற்றிலிருந்த கோனிஃபெரின். ஒரே குடும்பம். மரத்தை விறைப்பாக நிறுத்தும் லிக்னினும் இந்தக் குடும்பத்துச் சங்கிலிதான். அது உடையும்போது வனிலின் வரும். பழைய புத்தகத்தைத் திறந்தால் ஒரு மெல்லிய இனிப்பு வாசம் வருகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. ஆகவே மரமணமும் வனிலாவும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில் புதுமை எதுவும் இல்லை.

லப்டனத்தின் கதை ஆடு வளர்க்கிற நம்மவர்களுக்குப் பிடிக்கும். மத்தியதரைக் கடலோரத்துப் புதரொன்றின் இலையில் வெயில் ஏற ஏறப் பிசின் கசியும். மேயப் போகும் ஆட்டின் தாடியிலும் மயிரிலும் அது அப்பிக்கொள்ளும். மாலையில் அதைச் சீவி எடுத்து விற்றார்கள். நம்மூர் வெள்ளாட்டுத் தாடியில் நாயுருவிதான் ஒட்டுகிறது.

இனி, ஏன் குளிருக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று?

மணக்க வேண்டுமானால் மூலக்கூறு பறந்து மூக்குக்குள் போக வேண்டும். தோடம்பழத் தோலைக் கிள்ளினால் சட்டென்று அடிக்கும் லிமோனினின் மூலக்கூற்றுத் திணிவு 136, கொதிநிலை 176 பாகை. வனிலினின் திணிவு 152தான், ஆனால் கொதிநிலை ஏறத்தாழ 285 பாகை. எடையில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று கேட்பீர்கள். வனிலினில் ஒட்சிசன் உண்டு, ஐதரொட்சில் கூட்டம் உண்டு. ஐதரசன் பிணைப்பால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. லிமோனின் வெறும் காபனும் ஐதரசனும், பிடிமானம் இல்லை. சந்தனத்தின் சந்தலோலுக்குத் திணிவு 220. அதுவும் மெதுவாகத்தான் எழும்பும். சென்ற் அடித்தவுடன் தோல் சில்லென்பது, அதைக் கரைத்திருக்கும் எதனோல் என்ற மதுசாரம் ஆவியாவதால். பிறகு தோடம்பழ வகைகள் கால் மணி, அரை மணியில் போய்விடும். பின்னேரம் வரை கிடப்பவை பிசினும் மரமும் வனிலாவும்.

கனத்த சரக்கு, மெல்லிய சரக்கையும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கலவையில் ஒரு பொருளின் பங்கு குறையக் குறைய அதன் ஆவியமுக்கமும், அதாவது அதன் ஆவி தரும் அமுக்கமும், குறையும் என்பது ரவோல்ற்றின் விதி. உயர்தரம் (ஏ.எல்) படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். சென்ற் போத்தலை முகர்ந்து படித்தால் மறக்காது.

இப்போது வெப்பநிலை. ஏதோ ஒரு துணியில் சென்ற் பட்டிருக்கிறது என்று வையுங்கள். பனிக்காலத்து ரொறன்ரோவில் அந்தத் துணி 0 பாகையில், பஸ்ஸில் 34 பாகையில். ஆவியாவதற்கு மோலுக்கு (மூலக்கூறுகளின் ஒரு நிலையான எண்ணிக்கைக்கு) 50 கிலோயூல் சக்தி கேட்கும் மெல்லிய மூலக்கூறு, இந்த மாற்றத்தில் சுமார் 11 மடங்கு கூடுதலாக எழும்பும். 80 கிலோயூல் கேட்கும் கனத்த மூலக்கூறோ ஐம்பது மடங்குக்குக் கிட்டவாக எழும்பும். வெயில் எல்லாரையும் கிளப்பும். ஆனால் சோம்பேறியைத்தான் கூடக் கிளப்பும். ஆச்சிக்கு மூச்சு முட்டியது இந்தக் கணக்கால்தான். அங்கே மெல்ல மெல்லக் கசிய வேண்டிய அம்பர், இங்கே சேலையிலிருந்தும் பிளவுஸிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது.

குளிரில் இன்னொரு வசதி. வெளியே எவ்வளவு உறைந்தாலும் கோட்டுக்குள் தோல் 32, 33 பாகையில் இருக்கும். சூடான உடலைச் சுற்றிய காற்று இலேசாகி மேலெழும். வெளிக்காற்றுக்கும் தோலுக்கும் வித்தியாசம் கூடக்கூட இந்த ஓட்டம் வலுக்கும். கழுத்துத் துண்டுக்கு மேலாக அது முகத்தைத் தொட்டுப் போகிறபோது, கூடவே கொஞ்சம் சாம்பிராணியும் போகிறது. வன்னி வெயிலில் காற்றும் தோலும் ஏறக்குறைய ஒரே சூடு. ஓட்டம் நின்றுவிடும், மணம் ஆளைச் சுற்றியே கிடக்கும், பஸ் நிறைய ஆட்களும் வேறு.

மாமி நாலு தரம் அடித்ததற்கும் காரணம் உண்டு. ஒரே மணத்தைச் சில நிமிடம் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கும் மூளையும் அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். போட்டவருக்கு மணக்காது, ஆகவே இன்னும் ஒரு தரம்.

இதமான மணம் என்கிறார்களே, சூடு உண்மையா? புதினாவின் மென்தோல், குளிரை உணரும் நரம்பு வாயிலையே திறக்கிறது. அந்தச் சில்லிப்பு வெறும் கற்பனை இல்லை. மிளகாயின் கப்சைசின் சூட்டு வாயிலைத் திறக்கிறது. வேடிக்கை என்னவென்றால் கப்சைசினின் ஒரு பாதி வனிலினின் உறவு; அதனால்தான் அந்த வாயிலின் பெயரிலேயே வனிலா இருக்கிறது. ஆனால் சென்ற்றில் வருகிற துளி வனிலின் யாரையும் சுடாது. அந்த இதம் பெரும்பாலும் பழக்கம்: இனிப்புப் பண்டம், அடுப்பு, புகை. எனக்கு அது மாரி மழையும் தங்கச்சியின் ஈரக் கூந்தலும்.

இந்த மணம் பெண்களுக்கானது என்ற பேச்சு விற்பனைக்காரரின் வேலை. 1925இல் பாரிஸில் வந்த ஷாலிமார் என்ற சென்ற் வனிலாவும் பிசினுமாய்ப் பெண்களின் பெயரில் விற்கப்பட்டது, இன்றும் விற்கிறது. அதே சாம்பிராணிப் புகையில் நம்மூர்க் கோயிலில் ஐயரும் நிற்கிறார், பெஞ்சாதியும் நிற்கிறார்.

மாமி திரும்பிப் போகும்போது போத்தலை என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்புகிற நேரம், முற்றத்தில் பனி, கையில் போர்வை. அப்போது முழங்கையின் உட்புறத்தில் ஒரே ஒரு தரம். கோயில் வாசலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மடைப்பள்ளிப் பக்கமிருந்துதான் வருகிறது என்று நினைத்திருப்பார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் முதலில் கெடுவது தோடம்பழ வாசம்; காற்றுப் பட்டு ஒட்சியேறிய லிமோனின் சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். அதனால் பெட்டியோடு அலுமாரியின் கடைசித் தட்டில், சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறோம். வந்தபோது தேன் நிறம், இப்போது பால் விடாத தேநீர் நிறம். பழுதாகிவிட்டது என்று மனைவி ஊற்றப் போனார். வனிலின் உள்ள சரக்கு நாட்பட அப்படித்தான் கறுக்கும் என்று சொல்லிப் பறித்து வைத்தேன்.