ஒரே சில்லு, இரண்டு விலை: ஓஇஎம் பொருள்கள் எப்படி வேறுபடுகின்றன?

1972ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலத்தில் கணினிச் சில்லுகள் செய்யும் இண்டெல் நிறுவனம் ஆலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் ஆலை அதுவே. வெளிநாட்டிலிருந்து வரும் சிலிக்கன் தட்டுகளைத் துண்டாக்கி, உறையிலிட்டு, பலகட்டச் சோதனைக்கு உட்படுத்தும் வேலை இங்கு வளர்ந்ததால், கணினியின் மூளையாக இயங்கும் சில்லுகளான இண்டெல் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில், மலேசியாவைக் குறிக்கும் 'மலே' என்ற முத்திரையைக் காணலாம். அந்த முத்திரையுடன் பினாங்கிலோ கூலிமிலோ தேர்ச்சி பெற்று வெளியேறும் ஒரு செயலி, விற்பனைக்கு இரண்டு வழிகளில் செல்லக்கூடும்.

ஒரு வழியில் அது தனி அட்டைப்பெட்டியில் அடைக்கப்படுகிறது. உள்ளே கையேடு இருக்கும். பல மாதிரிகளுக்குக் குளிர்விக்கும் விசிறியும் உண்டு. இண்டெல் நேரடியாக அளிக்கும் மூன்றாண்டு உத்தரவாதமும் சேர்ந்தே வருகிறது. மற்றொரு வழியில், பல செயலிகள் ஒன்றாக ஞெகிழித் தட்டுகளில் அடுக்கப்பட்டு, கணினி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு மொத்தமாக அனுப்பப்படுகின்றன. இப்படித் தன் இயந்திரத்தில் பொருத்தி, தன் பெயரில் விற்பதற்காகப் பிறரிடம் பாகங்களை வாங்கும் நிறுவனத்தையே ஓஇஎம், அதாவது மூல உபகரண உற்பத்தியாளர் என்கிறார்கள். அந்நிறுவனத்துக்கென்று விற்கப்படும் பாகமும் மென்பொருளும் பேச்சுவழக்கில் அதே பெயரைப் பெற்றுவிட்டன.

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா போன்ற கணினி வளாகங்களில் 'ட்ரே' (தட்டு) என்று சொல்லிச் சற்று மலிவாக விற்கப்படும் செயலி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் வேகத்தில் குறை ஏதும் இல்லை. பழுதானால் யாரிடம் போவது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது: சில்லைச் செய்தவர் அதைக் கணினி நிறுவனத்துக்கு விற்றதோடு தம் கடமையை முடித்துக்கொண்டதால், கையில் வாங்கியவருக்குக் கடைக்காரர் தரும் உத்தரவாதமே மிஞ்சுகிறது. வன்தட்டிலும் இதே கதைதான். நிலைமின் தடுப்பு உறையில் மட்டும் சுற்றி விற்கப்படும் வன்தட்டு ஒன்றின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டால், இது ஒரு கணினியின் பாகமாக விற்கப்பட்டது, அக்கணினி நிறுவனத்தையே அணுகவும் என்ற பதில் வருவதுண்டு. வாங்குவதற்கு முன்பே கடையில் நின்றபடி இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஓஇஎம் பாகம் எப்போதும் கடைப் பதிப்பைப் போன்றதுதான் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2012இல் வந்த என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 660 வரைகலை அட்டையின் கடைப் பதிப்பில் 960 கணிப்பு அலகுகள் இருந்தன. கணினி நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட அதே பெயருடைய அட்டையில் 1,152 அலகுகள் இருந்தன, ஆனால் அவை குறைந்த வேகத்தில் ஓடின. பெயர் ஒன்று, சில்லு வேறு.

மென்பொருளில் இந்த ஏற்பாடு இன்னும் நுட்பமானது. 1981இல் ஐபிஎம் தன் தனிக்கணினியை வெளியிட்டபோது, அதன் இயங்குதளத்தைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. பின்னர் ஐபிஎம் போன்ற கணினிகளைச் செய்த நிறுவனங்கள் எல்லாம் அதன் வாடிக்கையாளர்கள் ஆயின. விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் தன் இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணம் பெறும் ஒப்பந்தங்களையும் அது செய்துகொண்டது. அமெரிக்க நீதித்துறை தலையிட்ட பிறகு, 1994ஆம் ஆண்டின் உடன்பாட்டில் அம்முறையைக் கைவிட மைக்ரோசாஃப்ட் இசைந்தது.

மொத்த விற்பனையால் விலை குறைகிறது. அதற்கு ஈடாக உரிமமும் குறுகுகிறது. கடையில் தனியாக வாங்கிய விண்டோஸ் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஓஇஎம் உரிமமோ முதலில் நிறுவப்பட்ட கணினியோடு வாழ்ந்து அதோடு முடிவது. பாகங்களை எல்லாம் இணைக்கும் தாய்ப்பலகையே கணினியின் அடையாளமாகக் கொள்ளப்படுவதால், அது பழுதாகி மாற்றப்பட்டால் உரிமம் தொடரும். வேகம் போதவில்லை என்று வேறு பலகை வாங்கிப் பொருத்தினால் அது புதுக் கணினியாகவே கருதப்படும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், ஓஇஎம் பதிப்பை வன்பொருளிலிருந்து பிரித்து விற்பதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது.

இந்தப் பிணைப்பு நடைமுறையில் எப்படி நிகழ்கிறது? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினியின் உடலில் ஒட்டிய சீட்டில் உரிமக் குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. யாரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும், தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸில் நிறுவனத்தின் அடையாளம் பதிக்கப்பட்டது; ஆனால் ஒரு நிறுவனத்தின் கணினிகள் பலவற்றுக்கும் ஒரே குறியீடு பொதுவாக இருந்ததால், கள்ளப் பயன்பாட்டாளர்கள் அந்த அடையாளத்தைப் போலி செய்தார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் குறியீடு ஆலையிலேயே தாய்ப்பலகையின் நினைவகத்தில் எழுதப்படுகிறது. மடிக்கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவும்போது அது குறியீடு கேட்காமலே நகர்வதும், ஹோம் பதிப்போடு வாங்கிய கணினி புரோ பதிப்பை விட்டுவிட்டு ஹோமையே தேர்ந்துகொள்வதும் இதனால்தான். நிறுவும் நிரல் அந்த நினைவகத்தைத் தானே படித்துக்கொள்கிறது.

இணையச் சந்தைகளில் சில ரிங்கிட்டுக்கு விற்கப்படும் குறியீடுகளை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அவற்றில் பல, பெருநிறுவனங்களுக்கான மொத்த உரிமங்களிலிருந்தோ ஓஇஎம் வழியிலிருந்தோ பிய்த்தெடுக்கப்பட்டவை. இன்று ஏற்றுக்கொள்ளப்படும் குறியீடு பிறகு முடக்கப்படலாம் என்பதால், அது மலிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கணினியில் எவ்வகை உரிமம் உள்ளது என்பதை அறிய, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலச்சாய்கோட்டுடன் டி, எல், ஐ என்று தட்டினால் போதும். தோன்றும் சிறு பெட்டியில் ஓஇஎம், ரீடைல் (கடையில் தனியாக வாங்கியது), வால்யூம் (பெருநிறுவன மொத்த உரிமம்) ஆகியவற்றுள் ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஓஇஎம் என்று வந்தால், கணினியை விற்கும்போது விண்டோஸும் அதனோடு போய்விடும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இயங்குதளத்தில் சிக்கல் என்றாலும் முதலில் அழைக்க வேண்டியது கணினி நிறுவனத்தின் உதவி எண்ணைத்தான்.