புதிய பயிற்சியாளர் வரும் குளிர்காலம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் நவம்பர் இறுதியில் முடியும்போது, ஆண்டுக்கணக்காகத் தோற்றுவரும் பல்கலைக்கழகங்களில் சில தங்கள் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்துகின்றன. அடுத்த ஆறு வாரங்களில் என் அலுவலகத்துக்கு வெளியே நாற்காலிகள் போதுவதில்லை. விளையாட்டு வீரர்களின் படிப்பைக் கண்காணிக்கும் ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதில், புதிய பயிற்சியாளர்கள் வந்து போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். (ஊரில் உறவினர்களிடம் இதைச் சொன்னால் உதைபந்தாட்டம் என்றே புரிந்துகொள்கிறார்கள், நான் சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து.) உயர்நிலைப் பள்ளியில் நன்றாக ஆடும் மகனுக்குத் தோற்றுவரும் ஓர் அணியின் புதிய பயிற்சியாளர் இடம் தருவதாகச் சொல்கிறார், நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டுவரும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதையைத்தான்.

1988 நவம்பரில் பில் ஸ்னைடர் அங்கே நியமிக்கப்பட்டபோது அவருக்கு 49 வயது. அதுவரை அயோவா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரையின் கீழ் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர். அவர் ஏற்றுக்கொண்ட அணி 1987-இல் ஓர் ஆட்டத்தைச் சமன் செய்து பத்தில் தோற்றிருந்தது. 1988-இல் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டத்தில் 500 தோல்விகளை முதலில் எட்டிய பல்கலைக்கழகம் என்ற பெயரும் அதற்கு உண்டு. அவர் வந்த பிறகும் அதிசயம் நடந்துவிடவில்லை. 1989 செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்சஸ் அணியை ஆட்டத்தின் கடைசி நொடியில் 20-17 என்று வென்றதுதான், 1986 அக்டோபருக்குப் பிறகு அந்த அணி கண்ட முதல் வெற்றி. அந்த ஆண்டில் கிடைத்த ஒரே வெற்றியும் அதுவே. 1990-இல் ஐந்து, 1991-இல் ஏழு, 1992-இல் மீண்டும் ஐந்து என்று ஏறியும் இறங்கியும் சென்று, 1993-இல் ஒன்பது வெற்றிகளோடு பருவ இறுதியில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டங்களில் ஒன்றான காப்பர் பவுலில் வயோமிங் அணியை 52-17 என்று வீழ்த்தியபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. இடையில் ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்றைய நிர்வாகங்களில் எத்தனை இவ்வளவு காலம் பொறுத்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்தவற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது, அவர் தமக்குக் கீழே யாரை அமர்த்தினார் என்பது. 1989-இல் தற்காப்பு ஆட்டத்தின் பின்வரிசைக்குப் பயிற்சி அளிக்க வந்த இளைஞர் பாப் ஸ்டூப்ஸ், பின்னாளில் ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளராகி 2000-ஆம் ஆண்டுப் பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்றார். ஜிம் லெவிட் சவுத் ஃப்ளோரிடாவில் ஓர் அணியையே புதிதாகத் தொடங்கி நடத்தினார். மார்க் மங்கினோ அண்டைப் பல்கலைக்கழகமான கன்சாஸுக்குப் போய் 2007-இல் 12 வெற்றிகள் பெற்றுத் தந்தார். தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணிக்கு இத்தகையோர் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள் என்றால், அங்கே நாள்தோறும் கற்பித்தல் நடந்தது என்று பொருள். ஸ்னைடர் வகுத்த பதினாறு குறிக்கோள்களில் நாள்தோறும் முன்னேறுவது ஒன்று, தவறுகளைக் களைவது இன்னொன்று. எதிரணியை வீழ்த்துவோம் என்ற வகை வீரவசனத்தைவிட இவை சலிப்பூட்டுபவை. ஆனால் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வகுத்த விதிக்குள் பின்னர் எந்த அணியும் இயங்க வேண்டியிருந்ததால், அந்த நேரத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

ஆட்சேர்ப்பில் அவர் தம் இடத்தை உணர்ந்து நடந்தார். கன்சாஸ் மக்கள்தொகை குறைந்த மாநிலம். நெப்ராஸ்கா, ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் அதே கான்ஃபரன்ஸில் (ஆண்டுதோறும் தமக்குள் மோதும் பல்கலைக்கழகங்களின் குழுவில்) இருந்துகொண்டு சிறந்த பள்ளி வீரர்களை அள்ளிச் சென்றன. எனவே அவர் இரண்டாண்டுக் கல்லூரிகளின் பக்கம் திரும்பினார். மதிப்பெண் குறைவாலோ உடல் வளர்ச்சி தாமதமானதாலோ பெரிய பல்கலைக்கழகங்கள் விட்டுவிட்ட வீரர்கள் ஆடும் இடங்கள் அவை. டெக்சஸின் பிளின் கல்லூரியை அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்களுக்கு அழைத்துச் சென்ற குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசுபவர்) மைக்கேல் பிஷப் அப்படித்தான் வந்தார். 1998-இல் அணி 11 ஆட்டங்களையும் வென்று தரவரிசையின் உச்சிக்குப் போனபோது, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதின் வாக்கெடுப்பில் அவர் இரண்டாமிடம் பெற்றார். அந்த ஆண்டு கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் ஏ அண்டு எம் அணியிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 36-33 என்று தோற்றது தனி வருத்தம். இன்னொரு வழி, உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேரும் வாக்-ஆன் வீரர்களை மதிப்பது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரான ரைலியிலிருந்து வந்த ஜோர்டி நெல்சன் அப்படி ஒருவர். பின்னர் தொழில்முறை அணியான கிரீன் பே பேக்கர்ஸில் சூப்பர் பவுல் பட்டம் வென்றார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கான்ஃபரன்ஸுக்கு வெளியே எளிய எதிரணிகளையே ஸ்னைடர் தேடிப் பிடித்தார் என்ற குறை பல ஆண்டுகள் பேசப்பட்டது, அது பொய்யன்று. ஆனால் தோற்றே பழகிய பிள்ளைகளுக்கு வெற்றியின் ருசியைக் காட்டாமல் வலிய அணிகளிடம் அனுப்பி அடிவாங்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டாண்டுக் கல்லூரி வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. என்.சி.ஏ.ஏ. விதிப்படி ஒரு வீரர் இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 விழுக்காடும், நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காடும் முடித்திருந்தால்தான் களத்தில் இறங்கலாம். ஒருமுறை இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து 62 கிரெடிட்டுகளோடு (முடித்த பாடங்களின் அலகுகளோடு) ஒரு பையன் வந்தான். அவன் விரும்பிய பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகள் தேவை. ஆகவே 48 இருந்தால் போதும், தாராளமாகக் கடந்துவிட்டோம் என்று அவனை அழைத்துவந்த உதவிப் பயிற்சியாளர் நினைத்திருந்தார். ஆனால் அந்தப் பட்டத்துக்குக் கணக்கில் சேர்ந்தவை 39 மட்டுமே. மீதி ஒன்பது கிரெடிட்டுகளுக்காக அவன் கோடை முழுவதும் மூன்று பாடங்களை ஒரே மூச்சில் படித்தான்; காலையில் எடைப்பயிற்சி, பகலில் வகுப்பு, இரவில் என் அலுவலகம். தேறிவிட்டான். அவனுக்கு முன்பு வந்த இருவர், விளையாடும் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பிய பாடத்தை விட்டுவிட்டு எளிதான வேறொரு பட்டத்துக்கு மாறினார்கள்.

அதே வழியை அவசரத்தில் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதையும் கன்சாஸ் ஸ்டேட்டே காட்டியது. 2005-இல் ஸ்னைடர் ஓய்வு பெற்றபின் வந்த ரான் பிரின்ஸ், 2008-இல் இருபதுக்கு நெருக்கமான இரண்டாண்டுக் கல்லூரி வீரர்களை ஒரே வீச்சில் சேர்த்தார். அந்தப் பருவத்தோடு அவர் பதவி போனது; மூன்று ஆண்டுகளில் 17 வெற்றிகள், 20 தோல்விகள். 2009-இல் ஸ்னைடரே திரும்பி வந்து 2012-இல் தம் கான்ஃபரன்ஸான பிக் 12-இன் பட்டத்தை வென்றார். வீரர்கள் வந்த வழி ஒன்றுதான். ஸ்னைடரின் காலத்தில் அவர்கள் ஏற்கெனவே பழக்கப்பட்ட ஓர் அணிக்குள் சிலராக வந்து கலந்தார்கள். பிரின்ஸின் காலத்தில் கும்பலாக வந்திறங்கினார்கள்.

2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததும், 2021-இல் முதல்முறை மாறுபவர் ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்றானதும், அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்றானதும் இந்தக் கும்பல் சேர்ப்பை எளிதாக்கிவிட்டன. 2022-இல் ஒரே ஓர் ஆட்டத்தை வென்ற கொலராடோவுக்கு வந்த டியான் சாண்டர்ஸ், அணியில் பெரும்பாலோரை வெளியேற்றிப் புதியவர்களால் நிரப்பினார். முதலாண்டில் 4 வெற்றிகள், இரண்டாம் ஆண்டில் 9, டிராவிஸ் ஹண்டர் போன்ற முன்னணி வீரர்கள் போனபின் 2025-இல் 3. இண்டியானாவிலோ 2023-இல் 3 வெற்றிகள் பெற்ற அணியை ஏற்ற கர்ட் சிக்னெட்டி, 2024-இல் 11 வெற்றிகளும் அடுத்த பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லாமல் 16 வெற்றிகளோடு தேசியப் பட்டமும் பெற்றுத் தந்தார். இருவருமே போர்ட்டலைத்தான் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் உண்டு. சிக்னெட்டி முதலாண்டில் அழைத்துவந்தவர்களில் 13 பேர், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் அவரிடமே ஆடியவர்கள். அவர்களால் எது முடியும், எது முடியாது என்பது அவருக்கும், அவர் எதை எதிர்பார்ப்பார் என்பது அவர்களுக்கும் முன்பே தெரிந்திருந்தது.

ஆகவே பள்ளி வீரர்களின் திறனுக்குத் தரப்படும் நட்சத்திர மதிப்பீடு எத்தனை, சீருடை எப்படி, எடைப்பயிற்சிக் கூடம் எவ்வளவு பெரிது என்று பார்த்து மயங்கும் பெற்றோரிடம், பயிற்சியாளருக்கு உங்கள் மகனின் ஆட்டம் உண்மையில் எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள் என்கிறேன். எத்தனை ஆட்டங்களின் காணொளியைப் பார்த்தார், எந்த இடத்தில் ஆட வைக்கப் போகிறார், அதே இடத்தில் இப்போது இருக்கும் மாணவனை என்ன செய்யப் போகிறார்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் இரண்டாண்டு கழித்து உங்கள் மகனுக்கும் பொருந்தும். அவருடைய உதவிப் பயிற்சியாளர்கள் எத்தனை ஆண்டுகளாக அவரோடு இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஆண்டுதோறும் ஆள் மாறும் இடத்தில் தொடர்ச்சியாக எதையும் கற்க முடியாது. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் படித்து மாறுபவராயின், எந்தப் பாடங்கள் எந்தப் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் என்பதைப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்காமல் கையெழுத்திட வேண்டாம். பயிற்சியாளரின் வாய்மொழி அதற்கு ஈடாகாது; அவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை, அது அவருக்குத் தெரியாது.

பள்ளி வீரர்கள் பல்கலைக்கழகத்தில் சேரக் கையெழுத்திடும் நாள் டிசம்பர் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. 2026 முதல் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரையே திறந்திருக்கிறது. பல்கலைக்கழக அலுவலகங்களோ கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் மூடி, புத்தாண்டு கழிந்துதான் திறக்கும். எனவே பாடக் கணக்கைக் கேட்டு எழுத நவம்பர் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய வாரமே நல்லது; அப்போது என் அலுவலகத்திலும் நாற்காலிகள் காலியாக இருக்கும்.