ஐப்பசி வந்ததை ஆறுமணிக்குருவிக்குச் சொன்னது யார்?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "நம் ஊரில் இலை பழுத்துக் கொட்டுவதில்லை. குளிரும் பெரிதாக இல்லை. பிறகு எப்படி வடக்கேயிருந்து வரும் பறவைகள் புரட்டாசி, ஐப்பசி என்றால் சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கின்றன?"

மதுரையில் கூதிர்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மரங்களைப் பார்த்துப் பயனில்லை, தள்ளுவண்டிகளைப் பார்க்க வேண்டும். சீதாப்பழக் கூடைகள் தெருமுனைக்கு வந்திருக்கும். மழை ஓய்ந்த மாலையில் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும். காலையில் மொட்டைமாடிக்குப் போனால், வடாம் காயவைத்த இடத்தில் ஒரு வாலாட்டிக்குருவி ஓடியோடிப் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். கண்மாய்ப் பக்கம் மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்புறம், கொடுத்துவைத்தவர்கள் வீட்டுக் கொல்லைக்கு ஆறுமணிக்குருவி வரும்.

போன ஐப்பசியில் எதிர்வீட்டு அக்கா காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார். இரவு முழுக்க மழை. அவர்கள் கார் ஷெட்டில், சக்கரத்துக்குப் பின்னால், ஒரு பறவை அசையாமல் நின்றது. முதுகு பச்சை. தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. வயிறு தேன் கலந்த பழுப்பு. வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. வாலோ இருப்பதே தெரியாத அளவு குட்டை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால்தான் தெற்கே இதற்கு ஆறுமணிக்குருவி என்று பேர். ஆங்கிலத்தில் 'பிட்டா' என்கிறார்களே, அது தெலுங்கில் குருவியைக் குறிக்கும் சொல்.

இதன் எடை ஐம்பது, அறுபது கிராம் இருக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பயணம் இரவில். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, வீடுகளுக்குள் விழுவது இந்த மாதங்களில் சகஜம். நான் ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, அதை உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத அறையில் வைத்தேன். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. மாலையில் கொய்யா மரத்தடியில் பெட்டியைத் திறந்ததும், சருகுக்குள் தத்தித் தத்திப் போய் மறைந்தது.

"வீட்டுக்குள்ள பறவை நுழைஞ்சா ஆகாதுங்கிறாங்களே, பரிகாரம் ஏதும் செய்யணுமா?" என்று அக்கா கேட்டார். வேண்டவே வேண்டாம் அக்கா என்றேன். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உயிர் உங்கள் வீட்டில் ஒதுங்கியது என்றால், அதைவிட நல்ல சேதி அந்த மாதத்தில் வேறு இருக்க முடியாது. இந்தப் பயத்தால் எத்தனை பறவைகளைத் துடைப்பத்தால் அடித்து விரட்டுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம். பூமி சாய்ந்து சுற்றுவதால் பகல் நீண்டு குறைகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஹரித்வார் பக்கம் போனால் ஜூனில் சுமார் 14 மணி நேரப் பகல், டிசம்பரில் பத்தே கால் மணி நேரம். மழை ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். பகலின் நீளம் மட்டும் வருடா வருடம் அதே தேதியில் அதே அளவுதான். பறவைகள் நம்பியிருப்பது இந்தக் கணக்கை. கனடாவில் வில்லியம் ரோவன் 1920களில், நடுங்கும் குளிர்காலத்தில் கூண்டுக் குருவிகளுக்கு மாலையில் விளக்கு போட்டுப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். வெளியே கடும் பனி, ஆனால் குருவிகளின் உடல் வசந்தகாலத்துக்குத் தயாராகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். பகல் நீண்டதை அவை பார்ப்பது கண்ணால் அல்ல.

1930களில் பிரான்சில் ழாக் பென்வா என்பவர், கண்ணில்லாத வாத்துகளின் உடலும் நீண்ட பகலுக்கு ஏற்ப மாறுவதைக் கண்டார். பிறகு அமெரிக்காவில் மைக்கேல் மெனாக்கர் நம் வீட்டுச் சிட்டுக்குருவியை வைத்தே ஒரு சோதனை செய்தார். ஒரு கூட்டத்துக்குத் தலை உச்சியில் இறகைப் பிடுங்கினார். இன்னொரு கூட்டத்துக்குத் தலைத் தோலுக்கு அடியில் கறுப்பு மையைச் செலுத்தினார். இரண்டுக்கும் ஒரே மங்கலான வெளிச்சம், ஒரே நீண்ட பகல். இறகு போன குருவிகளின் விந்தகங்கள் வளர்ந்தன, மை ஏறியவற்றுக்கு வளரவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் கண்கள் நன்றாகவே இருந்தன! மண்டையோட்டின் வழியாக மூளைக்குள் இறங்கும் வெளிச்சம்தான் கணக்கில் வருகிறது.

நம்ப முடியவில்லையா? இரவில் செல்போன் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், விரலெல்லாம் சிவப்பாக ஒளிரும். அவ்வளவு சதையை ஊடுருவும் வெளிச்சத்துக்கு, காகிதம்போல் மெல்லிய குருவி மண்டையோடு ஒரு தடையே இல்லை. மூளையின் ஆழத்தில், மூளைத் திரவம் தேங்கும் குழியின் ஓரத்தில், ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. நம் விழித்திரையில் உள்ளதைப் போன்ற ஒப்சின் புரதங்கள் அங்கேயும் உண்டு.

ஆனால் அந்தச் செல் நாள் முழுக்க உட்கார்ந்து மணியை எண்ணுவதில்லை. அம்மாக்கள் சிலர் இரவு எட்டு மணிக்கு ஒரே ஒருமுறை வாசலை எட்டிப் பார்ப்பார்கள். செருப்பு கிடந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்தாயிற்று. எப்போது வந்தான், எங்கே சுற்றினான் என்ற விசாரணை கிடையாது. பறவை மூளையும் அப்படித்தான். விடிந்து ஒரு குறிப்பிட்ட நேரம் கழித்து அதன் உள்கடிகாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும். அப்போது வெளிச்சம் இருந்தால் நீண்ட பகல், இருட்டாக இருந்தால் குறுகிய பகல். அதனால்தான் ஆய்வகத்தில் ஆறு மணி நேர வெளிச்சம் மட்டும் கொடுத்துவிட்டு, நடு இருட்டில் சரியான நேரத்தில் சற்றே விளக்கைப் போட்டு அணைத்தாலும், கோடை வந்துவிட்டது என்று பறவையின் உடல் முடிவுகட்டிவிடுகிறது. இப்படி ஒரு 'எட்டிப் பார்க்கும் நேரம்' இருக்க வேண்டும் என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் ப்யூனிங் 1936இலேயே, செடிகளை வைத்து யோசித்துச் சொல்லிவிட்டார்.

எட்டிப் பார்த்தபின் என்ன நடக்கிறது என்பதை ஜப்பானியர்கள் 2008இல் காடையில் பிடித்தார்கள். நம் சந்தையில் முட்டைக்கும் கறிக்கும் விற்கிறதே, அதே ஜப்பானியக் காடைதான். குறுகிய பகலில் இருந்த காடைகளை நீண்ட பகலுக்கு மாற்றினார்கள். முதல் நாளே, விடிந்து 14 மணி நேரம் ஆனதும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் காம்புப் பகுதியில் ஒரு ஹார்மோனுக்கான மரபணு விழித்துக்கொண்டது. அதன் பெயர் உங்கள் வீட்டு மேசை இழுப்பறையிலேயே இருக்கலாம். தைராய்டு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள்: டி3, டி4, டிஎஸ்எச் என்று மூன்று வரி. அந்த டிஎஸ்எச்தான் இது!

நம் உடலில் டிஎஸ்எச் பிட்யூட்டரியில் புறப்பட்டு, ரத்தத்தில் இறங்கி, கழுத்தில் உள்ள தைராய்டைத் தட்டி எழுப்புகிறது. காடையில், காம்பில் சுரக்கும் டிஎஸ்எச் கீழே போகாமல் மேலே, பக்கத்திலேயே இருக்கும் மூளைக்குள் ஏறுகிறது. அங்கே ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. ரத்தத்தில் சும்மா மிதந்து வரும் டி4ஐ அந்த நொதி வீரியமுள்ள டி3 ஆக மாற்றுகிறது. மூளையின் அந்த ஒரு மூலையில் மட்டும் தைராய்டு ஹார்மோன் பெருகுகிறது, இனப்பெருக்கத்துக்கான கட்டளை வெளியாகிறது. இரண்டே வாரத்தில் ஆண் காடையின் விந்தகம் நூறு மடங்கு வரை பருக்கும். எங்கும் கிடைக்கும் ஒரு ஹார்மோனை, வெளிச்சம் என்ற அனுமதிச்சீட்டை வைத்து ஓரிடத்தில் மட்டும் கூர்தீட்டிக்கொள்கிறது அந்த உடல். இதைப் படித்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதன் பலன் நெடுங்காலமாகத் தெரியும். நாமக்கல் பக்கம் விடிவதற்கு முன் பேருந்தில் போனால், நீளநீளமான கொட்டகைகளில் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். முட்டைக் கோழிக்குப் பகலை 16 மணி நேரத்துக்கு நீட்டுகிறார்கள். ஐப்பசியிலும் கடையில் முட்டை குறையாமல் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் வலசைக்கு இது பாதிக் கதைதான். கோடையின் நீண்ட பகல் இனப்பெருக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. சில வாரங்கள் கழித்து, பகல் இன்னும் நீண்டிருக்கும்போதே, வலசைப் பறவைகள் பலவற்றின் உடல் அந்த வெளிச்சத்துக்கு மசிவதை நிறுத்திவிடும். விந்தகமும் சூலகமும் சுருங்கும். பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும். பகல் குறையக் குறைய இந்த வரிசை வேகம் பிடிக்கும். பிறகு தோலுக்கடியில் கொழுப்பு சேரும். கூண்டில் இருந்தால்கூட அந்த நாட்களில் இரவு முழுக்கத் தூங்காமல் சிறகடிக்கும். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் கதிர்க்குருவிகளை 12 மணி நேரப் பகல், 12 மணி நேர இரவு என்று மாறவே மாறாத அறையில் வளர்த்தார். அங்கேயும் அவை இறகு உதிர்த்தன, கொழுத்தன, இரவில் தவித்தன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்து மாதம் ஆனது. உள்ளேயே ஒரு வருடக் கடிகாரம் ஓடுகிறது. அது கொஞ்சம் தவறாகத்தான் ஓடும். ஆண்டுதோறும் அதைத் திருத்தி வைப்பது வெளியே உள்ள பகலின் நீளம். மதுரையில் பகல் அவ்வளவாக மாறாவிட்டாலும், வந்த பறவை சித்திரை வாக்கில் திரும்பிப் போவதில் அந்த உள்கடிகாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

உள்கடிகார ஆராய்ச்சியில் மதுரைக்கும் ஒரு பேர் உண்டு என்பதை இங்கே பலருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் அவர் மாணவர்களும் அருகிலுள்ள குகைகளில் வௌவால்களின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். மனிதர்களைக் கடிகாரமும் சூரியனும் தெரியாத தனியறையில் வாரக்கணக்கில் தங்கவைத்தும் பார்த்தார்கள். கோடிகளைக் கொட்டிச் செய்த வேலை அல்ல அது, பொறுமையால் செய்தது. இன்று நிதி கேட்டுப் போகும் ஆய்வாளரிடம் முதல் கேள்வியே 'இதனால் என்ன பயன்' என்பதாக இருக்கிறது. குருவியின் தலையில் மை ஏற்றியவரிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? பத்து, இருபது வருடம் ஒரே பறவையைத் தொடரும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பணம் ஒதுக்கியே ஆகவேண்டும். பருவம் மாறுகிறதா என்பதை இரண்டு வருடத் திட்டம் சொல்லாது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. மண்டையோட்டைத் தாண்டும் வெளிச்சம் சூரியனுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ம்யூனிக் நகரக் கரும்பறவைகளை இரவில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். முழுநிலவை ஒத்த மங்கல் அது. அதற்கே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி முதிர்ந்துவிட்டன. எங்கள் தெருவில் புது எல்இடி விளக்கு வந்ததிலிருந்து கொய்யா மரத்தின் மேற்குப் பக்கம் விடிய விடியப் பகலாக இருக்கிறது. விளக்குக்கு மேலே ஒரு மறைப்புத் தகடு வைத்து வெளிச்சத்தைச் சாலையில் மட்டும் விழச் செய்யுங்கள் என்று கவுன்சிலரிடம் மனு எழுதிக் கொடுத்தோம். அக்காதான் முதல் கையெழுத்து போட்டார்.

இந்த வருடப் பறவை வந்துவிட்டது. நேற்று முன்தினம் மாலை, மரத்தடிச் சருகில் இரண்டு தத்தல், பிறகு தலையைப் பின்னால் சாய்த்து 'வீட்-டூ' என்று ஒரு சீழ்க்கை. அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து மணியைச் சொன்னார்: ஆறடிக்க நான்கு நிமிடம்.