சிலபஸ்: பாடபேதத்தில் பிறந்த சொல்

கல்லூரியில் ஆங்கிலத் துறைக்காரர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு சொற்கள் அடிபடாமல் இருக்காது. செமஸ்டர் தொடக்கத்தில் "சிலபஸ் போட்டாச்சா?", முடிவில் "போர்ஷன் முடிச்சாச்சா?" சேலத்தில் எங்கள் கல்லூரிக்கு ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்புத் திட்டம் எழுத உட்கார்ந்தேன். அதைத் தமிழிலும் தரச் சொன்னார்கள். தலைப்பிலேயே நின்றுவிட்டது பேனா.

சிலபஸ் என்பது கிரேக்கச் சொல் போல ஒலிக்கும். ஆனால் கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 56இல் தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில், நூல் சுருள்களுக்குத் தலைப்புச் சீட்டு ஒட்ட ஆள் அனுப்பச் சொல்கிறார். அந்தத் தோல் சீட்டுக்கு அவர் சொன்ன கிரேக்கப் பெயர் 'சிட்டுபா'. 15ஆம் நூற்றாண்டில் அச்சான பதிப்புகளில் அது 'சில்லபோஸ்' என்று மாறிப்போனது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பிழைக்கு 'ஒன்றுசேர்த்தல்' என்ற கிரேக்க வினையை வேராகக் காட்டி, பொருளும் கொடுத்துவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிட்டது.

ஒரே நூல் படிக்குப் படி சொல் மாறி வருவதற்கு நம் சுவடி மரபில் பெயர் பாடபேதம். உரையாசிரியர்கள் 'என்றும் பாடம்' என்று குறித்துவிட்டுப் போவார்களே, அதேதான். சிலபஸுக்கு நாம் வைத்த பாடத்திட்டம் என்ற பெயரிலும் அதே 'பாடம்' உட்கார்ந்திருக்கிறது! ஓதுதல், படித்தல் என்ற பொருளுள்ள 'பாட' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது இது. மனப்பாடம் அங்கிருந்துதான். (மியூசியத்தில் புலியைப் பாடம் செய்து வைப்பதை இதோடு சேர்க்கலாமா என்று தமிழ்த் துறை நண்பரிடம் கேட்டேன். சிரித்தார்.)

இலங்கையில் பாடவிதானம் என்றும் சொல்வார்கள். பி.எட். புத்தகங்களில் வரும் கலைத்திட்டம் வேறு, அது கரிகுலம். லத்தீனில் ஓட்டம், ஓடுகளம் என்று பொருள். ஒரு படிப்பு முழுவதும் கலைத்திட்டம், அதில் ஒரு தாளுக்கு உரியது பாடத்திட்டம். எனக்குப் பாடத்திட்டமே போதும். 'திட்டமாகச் சொல்' என்கிறோமே, அந்தக் கறார் அதில் இருக்கிறது.

சரி, யாருக்கான பாடத்திட்டம்? ஆங்கிலத்தில் நடுத்தரத்துக்குச் சற்று மேலே இருப்பவர்கள், அதாவது அப்பர் இன்டர்மீடியட். மேல்நிலை என்றால் பிளஸ் டூ, உயர்நிலை என்றால் பத்தாம் வகுப்பு, இடைநிலை என்றால் ஆசிரியர் பணி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளிக்கூட வாசல்தான். கடைசியில் 'உயர் இடைநிலை' என்று எழுதி, பக்கத்தில் பி2 என்று போட்டேன்.

மொழித்திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படிகளில் (ஏ1 முதல் சி2 வரை) நாலாவது பி2. பி1க்கு வாசல்படி என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு; பி2க்கு 'வான்டேஜ்', அதாவது நின்று பார்க்கத் தோதான மேட்டிடம். ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆங்கிலத் தேர்வு நடத்தும் கேம்பிரிட்ஜ் கணக்கில் பி1க்கு மொத்தம் 350-400 மணி நேரப் பயிற்சி, பி2க்கு 500-600. வாரம் 5 மணி நேரம் என்றால் 15 வாரத்துக்கு 75தான். ஒரே செமஸ்டரில் பி1இலிருந்து பி2க்கு ஏற்றிவிடலாம் என்பது பேராசை.

ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் நாலு பாடம் என்று அடுக்கினால் அது சிசரோ கேட்ட சீட்டுதான். சுருளுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். மாணவர் எதைச் செய்யக் கற்றிருப்பார் என்று எழுதுவதுதான் கஷ்டம்.

ஒத்திகை வகுப்பில் ஏற்காட்டுப் பையன் ஒருவனிடம், காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். காப்பிக்கு நிழல், மிளகுக் கொடி ஏற ஆதாரம் என்று சரளமாகச் சொன்னான். பக்கத்தில் இருந்த பெண், நிழல் கூடினால் காய்ப்பு குறையாதா என்று குறுக்கே கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. கிளை கழிப்பதைக் கையால் வெட்டிக் காட்டினான், ஆங்கிலம் வரவில்லை. பி1க்கும் பி2க்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்தக் கையசைவுதான்.

"மறுத்துக் கேட்டால் காரணம் காட்டி நிலைநாட்டுவார்" என்று ஒரு வரி எழுதினேன். துறைத்தலைவர் படித்துவிட்டு, "இது எந்த யூனிட்ல வருது சார்?" என்றார். மூன்றாவதில் போட்டிருக்கிறேன்.