பைகஸ் மரத்தை மொட்டையடிக்கும் பட்டுப்புழுவின் பங்காளி

ஓசூர் குடியிருப்புகளில் அழகுக்காக வளர்க்கும், அத்தி இனத்தைச் சேர்ந்த பைகஸ் மரம் திடீரென்று இலை இழந்து நின்றால், பலரும் தண்ணீர் பற்றவில்லை என்றே நினைக்கிறார்கள். மிச்சமிருக்கும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் அரிக்கப்பட்டிருக்கும், பக்கத்திலேயே சாம்பல் கலந்த வெள்ளைப் புழு ஒன்று, வால் பக்கம் சிறு கொம்போடு ஒட்டியிருக்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு அந்தக் கொம்பு பழகியதுதான்; பட்டுப்புழுவுக்கும் அப்படி ஒன்று உண்டு. டிரைலோக்கா வேரியன்ஸ் என்ற இந்த அந்துப்பூச்சி, பட்டுப்பூச்சியின் குடும்பமான பாம்பிசிடேவைச் சேர்ந்தது. தின்னும் மரங்களும் உறவுதான்: மல்பெரி, ஆல், அரசு, அத்தி, பலா எல்லாம் மோரேசி குடும்பம்; கிள்ளினால் பால் வடிக்கும்.

அந்தப் பால்தான் மரத்தின் ஆயுதம். மல்பெரிப் பாலில் சர்க்கரையைப் போல உருவம் கொண்டு செரிமானத்தைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. அத்தி இனங்கள் பலவற்றின் பாலில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள். பழக்கமில்லாத புழு தின்றால் வளராது, செத்தும் போகும். பட்டுப்புழு மல்பெரியின் பாலைச் சமாளிக்கிறது. இந்தப் புழு பைகஸின் பாலைச் சமாளிக்கிறது.

புழு கடைசிப் பருவத்தில்தான் பெருந்தீனி தின்னும். அதனால்தான் மரம் திடீரென்று மொட்டையானதாகத் தோன்றுகிறது. அப்புறம் இலையிலேயே சின்ன மஞ்சள் கூடு கட்டும். பட்டுப்பூச்சிக்குப் பறக்க வராது. இந்த அந்துப்பூச்சி பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். பெண் பூச்சி ஆணை அழைக்கும் வாசனையிலும் உறவு தெரிகிறது. பட்டுப்பூச்சியின் வாசனைப் பொருளான பாம்பிகோலை 1959இல் ஜெர்மன் வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டனான்ட் கண்டறிந்தார். பைகஸைத் தின்னும் இந்தப் பூச்சி அதன் நெருங்கிய வேதி வடிவங்களான பாம்பிகால், பாம்பிகைல் அசிட்டேட் இரண்டையும் பயன்படுத்துகிறது.

சரி, என்ன மருந்து அடிப்பது? புழுக்களுக்கென்றே கடைகளில் கிடைக்கும் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தைப் பலர் சொல்வார்கள். நம் மாவட்டங்களில் இங்கேதான் கவனம் வேண்டும். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற விஞ்ஞானி அந்த பாக்டீரியாவை முதலில் கண்டதே நோயுற்ற பட்டுப்புழுக்களில்தான். பைகஸில் தெளிப்பது காற்றில் பக்கத்து மல்பெரித் தோட்டத்துக்குப் போனால், அந்தத் தழையைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். வேறு பூச்சிமருந்துக்கும் இதே ஆபத்து உண்டு. புழு வளர்ப்பு மனை அருகில் இருந்தால் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். கூடும் புழுவும் உள்ள கிளைகளை வெட்டி அழித்துவிடுங்கள். உயரத்தில் இருப்பதைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துப் பொறுக்குங்கள். நலமாக இருக்கும் பைகஸ் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும்.