பாட்டிலைத் திறக்கும் முன் உப்பைப் பாருங்கள்

ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) பராமரிக்கும் என்னிடம் அடிக்கடி வரும் புகார், "கால்சியம் நிக்கவே மாட்டேங்குது." அப்படித்தான் ஒருவர் கூப்பிட்டார். 200 லிட்டர் தொட்டி. லிட்டருக்குக் கால்சியம் 370 மில்லிகிராம், மக்னீசியம் 1150. இரண்டையும் ஏற்ற மருந்து வாங்கி அடுக்கிவிட்டார். நல்லவேளை, சீல் உடைக்கவில்லை.

"உப்பு எவ்வளவு சார்?"

"கரெக்டா 35. இப்பதான் பார்த்தேன்."

உப்பை அளக்கும் அவருடைய ரிஃப்ராக்டோமீட்டரைத் துடைத்து, நான் கொண்டுபோன 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) தரக் கரைசலில் இரண்டு சொட்டு விட்டேன். அரை நிமிடம் கழித்து வெளிச்சத்தில் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 39இல் நிற்கிறது. மீட்டர் 4 கூட்டிச் சொல்கிறது; அதை நம்பி அவர் கலந்த உப்புநீரெல்லாம் உண்மையில் 31தான்.

கடல்நீரில் 35 பிபிடிக்குக் கால்சியம் 420க்குப் பக்கம், மக்னீசியம் 1300க்குப் பக்கம். அவர் தொட்டியில் இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தன. பவளம் கால்சியத்தைத் தின்று தீர்த்திருந்தால் மக்னீசியம் அந்த அளவுக்கு இறங்காது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் முதல் சந்தேகம் உப்பின் மேல் விழவேண்டும்.

ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் மீட்டர் 35இலும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சில மீட்டர்கள் சாதா உப்புக் கரைசலுக்கான அளவுகோலோடு வருபவை. கடல்நீரைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் என்றால் முள்ளில் ஒட்டிய காற்றுக்குமிழியைத் தட்டி விடாமல் படிக்காதீர்கள். குமிழி முள்ளைத் தூக்கும், உப்பு அதிகமென்று காட்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை உப்புநீரால் நிரப்பினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். 200 லிட்டரில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது, அதை உப்புநீரால் நிரப்புகிறோம் என்றால் தினமும் ஏறத்தாழ 105 கிராம் உப்பு கூடுதல்: நாளுக்கு அரை பிபிடி. ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) தண்ணியாகக் கக்கினாலோ கதை தலைகீழ். வெளியே போவது உப்புநீர், தானியங்கி நிரப்பி அந்த இடத்தில் ஊற்றுவது நன்னீர். அந்த நிரப்பியின் மிதவையில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்து அதை அமுக்கினாலே போதும், நன்னீர் கொட்டிக்கொண்டே இருந்து ஒரே இரவில் வேலை முடிந்துவிடும்.

ஏற்றும்போது அவசரம் ஆகாது, நாளுக்கு ஒரு பிபிடிக்கு மேல் வேண்டாம். மீன் தன் உடல் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும். பவளம், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவற்றின் உடல்நீர் சுற்றியுள்ள நீரோடேயே ஏறி இறங்கும். அவைதான் முதலில் சுருங்கும். உப்பைத் தொட்டியில் நேராகக் கொட்டவே கூடாது.

இவருக்கு அந்த அரை பிபிடிக் கணக்கையே வைத்தியமாகக் கொடுத்தேன். மீட்டரின் திருகைத் திருப்பி 35இல் நிறுத்திவிட்டு, நிரப்பியை அணைத்து, எட்டு நாள் ஆவியான இடத்தை உப்புநீரால் நிரப்பச் சொன்னேன். ஒன்பதாம் நாள் அளந்தார்: உப்பு 35, கால்சியம் 415. மருந்து பாட்டில்கள் இன்னும் அலமாரியில், சீலோடு.